கல் யாருக்கு

விவாகரத்துத் தாளில் எல்லாம் இருந்தது.
குளிர்பெட்டி மெங் யாச்சினுக்கு,
தொலைக்காட்சி சூ தெஃபுவுக்கு,
மூன்றாம் மாடி அவளுக்கு,
அதே படிக்கட்டில் ஐந்தாம் மாடி அவனுக்கு.
கல்லை எழுத மறந்துவிட்டார்கள்.

நவம்பர். ஷென்யாங்கில் முதல் உறைபனி.
தெருமுனையில் கோஸ் லாரி.
பின்பலகை இறங்கியதும்
போர்வைக்குள்ளிருந்து வெளிர்பச்சையாய் ஒரு மூச்சு.
குண்டாய் இறுகியதைத் தட்டிப் பார்க்கிறாள் யாச்சின்,
கதவைத் தட்டுவதுபோல.
உள்ளே ஆள் இருக்கிறது என்றால்
அது பானைக்கு.

பக்கத்தில் நெட்டையாய், பச்சை முதுகோடு
தியென்ஜின் கோஸ்.
நாரில்லை அதற்கு.
எலும்புச் சூப்பில் போட்டால்
முழுவதையும் குடித்துவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் மிதக்கும்.
அதில் நான்கு எடுத்தாள்.
குண்டில் நாற்பது.

இரண்டு நாள் சன்னலோரம் வாடவிட்டாள்.
உதிர்ந்த வெளியிலை டோஃபுவோடு கொதித்தது.
காம்பைச் சாய்த்து நறுக்கி,
வரமிளகாய், வினிகர், பெருந்தீ.
நடுக்குருத்து மட்டும் பச்சையாக,
எள்ளெண்ணெயும் சர்க்கரையும் பிசறி,
நின்றுகொண்டே தின்றாள்.
முன்பெல்லாம் குருத்து அவனுக்குப் போகும்.

மீதியைக் கொதிநீரில் முக்கி, ஆறவைத்து,
பானையில் வட்டமாய் அடுக்கி,
அடுக்குக்கொரு பிடி உப்பு.
கல்லைத் தூக்கும் நேரம் பார்த்து
கதவில் அவன்.

"கல்லைக் கொடு."
"எந்தக் கல்?"
"தெரியாத மாதிரி கேட்காதே."

கல்யாணம் ஆன வருடம்
ஹூன் ஆற்றங்கரையில் அவன் பொறுக்கியது.
சைக்கிள் கூடை அன்றைக்கு வளைந்தது,
பிறகு நிமிரவே இல்லை.
பொறுக்கியவன் அவன்தான்.
இருபத்தாறு குளிர்காலம்
கழுவி, வெந்நீர் ஊற்றி, ஏற்றி இறக்கியவள்?
கேட்க வாயெடுத்தாள்.
எடுத்துக்கொள் என்றாள்.

பானைமேல் அன்றிரவு
தண்ணீர் நிரப்பிய சோயா சாஸ் கேன்.
கல்லுக்குத் தெரிந்த வேலை
அதற்கும் தெரிந்திருந்தது.

மேலே அவன் வாங்கியிருந்தது பக் சோய்.
தெற்கத்திச் சரக்கு,
கரண்டிபோல் வெள்ளைக் காம்பு,
பார்க்க அழகு.
சூடான எண்ணெயில் பூண்டோடு இரண்டு புரட்டு,
மூன்றாவது புரட்டு அதற்குத் தாங்காது.
அதை வாளியில் அடுக்கி
ஆற்றுக் கல்லை ஏற்றிவிட்டான்.
இருபத்தாறு வருடம் தின்ற வாய்,
ஒரு நாளும் லாரிவரை போகாத கால்.

முப்பதாம் நாள் அவள் பானையைத் திறந்தாள்.
கண்ணாடிபோல் மஞ்சள்.
மூக்கில் ஏறி நெற்றியில் இறங்கும் புளிப்பு.
மெல்லிழையாய் அரிந்து
பன்றிவயிற்று இறைச்சி, கண்ணாடிச் சேமியாவோடு
சட்டியில் ஏற்றியபோது
படிக்கட்டில் இன்னொரு வாடை இறங்கி வந்தது.
இரண்டாம் மாடி லுவான் பையன்
எலி செத்திருக்கிறது என்றான்.
எலி இல்லை என்று அவளுக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

மறுநாள் அதிகாலை,
வாளியை மூடிக்கொண்டு
குப்பைத்தொட்டிக்கு அவன் போனதைக்
கதவுக்குப் பின்னால் கேட்டாள்.
செருப்புச் சத்தம் மூன்றாம் மாடியில்
கொஞ்சம் தயங்கியது.

கொத்திய கோஸை உப்பிட்டுப் பிழிந்தாள்.
டம்ப்ளிங் பூரணத்தில்
ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் மாவு கிழியும்.
பிழிந்து, பிழிந்து,
மணிக்கட்டு வலிக்கும்வரை பிழிந்து,
அறுபது மடித்தாள்.
ஒரு வயிற்றுக்கு அறுபது எதற்கு?
எண்ணத் தெரியாதவள் இல்லை அவள்.
பாதியை வெளிப் பலகணியில் உறையவைத்தாள்.

நான்காம் மாடித் திருப்பத்தில்
யாரோ கல்லை இறக்கி வைத்திருந்தார்கள்.
கழுவிய கல்.
மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

சன்னல் உடைந்த அந்தத் திருப்பத்தில்
லுவான் வீட்டுக் கோஸ் குவியல்,
அதன்மேல் பழம்போர்வை.
காற்று இழுக்காமல் இருக்க
பையன் அதைத் தூக்கிப் போர்வைமேல் வைத்தான்.

யாச்சின் காய்கறிப் பையோடு ஏறுகிறாள்.
தன் கதவைத் தாண்டி
ஒரு மாடி கூடுதலாய் ஏறிவிட்டாள், பேச்சு யோசனையில்லாமல்.
கல்லைப் பார்க்கிறாள்.
போர்வையின் ஒரு மூலை விலகியிருக்கிறது.
கல்லைச் சற்று
இடப்பக்கம் நகர்த்துகிறாள்.